அழாத குழந்தைக்கு ஒட்டிய நட்சத்திரம்

ஜூன் 4, செவ்வாய்

இன்று முப்பத்தொரு தடுப்பூசி. அழுகைச் சத்தத்தில் காது இன்னும் அடைத்திருக்கிறது. மஞ்சள் செருப்பு போட்ட ஒரு நாலு வயதுக்காரி மட்டும் மூச்சுக் காட்டவில்லை. ஊசியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், உதட்டை மடித்துக்கொண்டாள். "சமத்துன்னா இதுதான் சமத்து!" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லி, நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டினேன். அப்பாவுக்குப் பெருமை. "எங்க வீட்ல அழற பழக்கமே கிடையாது சிஸ்டர்."

ஜூன் 5

அடி, பயம், அதிர்ச்சி பட்ட குழந்தைகளைக் கண்டுபிடிக்கத்தான் ஊசிக்கு முன்னால் பெற்றோரிடம் ஒரு பதினைந்து கேள்விப் படிவம் கொடுக்கிறோம். வரிசையில் நின்றபடியே டிக் அடிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை'.

டாக்டரம்மா இன்று அலுத்துக்கொண்டார். "ஒரு வீட்லயும் பிரச்சினையே இல்லையா? நாம கேக்கற லட்சணம் அப்படி. அழுற பிள்ளைய மட்டும் பாக்காதீங்க, அழவே அழாததையும் பாருங்க."

சுருக்கென்றது. மஞ்சள் செருப்பின் படிவத்தைத் தேடி எடுத்தேன். பதினைந்தும் 'இல்லை'. பேனா பிடித்தது அப்பா. அவர் கையில் கொடுத்தது யார்? நான்தான். நட்சத்திரம் வேறு!

ஜூன் 6

டாக்டரம்மாவிடம் பேசிவிட்டேன். இனி படிவம் எடை பார்க்கும் அறையில்தான். ஒரு நேரத்தில் அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும், கேள்வியை நான் வாசிப்பேன்.

ஜூலை 2, செவ்வாய்

மஞ்சள் செருப்புக்காரியை இரண்டாவது ஊசிக்குக் கூட்டி வந்தார்கள். இன்றும் அழவில்லை. அம்மாவோடு அப்பாவும் எடை அறைக்குள் நுழைந்தார். "ஒருத்தர்தான் சார், மெஷின் ஆடும்" என்று கூசாமல் புளுகினேன். குழந்தையை டாக்டரம்மா பொம்மை காட்டி அழைத்துப் போனார்.

நாலாவது கேள்வி: வயதுக்கு மீறி அமைதியாக இருக்கிறாளா? அந்த அம்மா கதவையே பார்த்தாள். பிறகு, "அவ அழுதா அவருக்குக் கோபம் வரும். அடி எனக்கு விழும். அதான் அவ அழறதில்ல..."

கடவுளே. நாலு வயசு அதுக்கு. பேனாவை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நான் சொன்னதைக் கேட்டதும் டாக்டரம்மா சீட்டு எழுதினார்: 'எடை குறைவு. தாயும் சேயும் வாராவாரம் வரவேண்டும்.' குண்டுக் கன்னம் அந்தப் பிள்ளைக்கு! அப்பா சீட்டை இரண்டு முறை படித்துவிட்டுத் தலையாட்டினார்.

ஜூலை 9

வந்தார்கள். எடை பார்த்தது ஒரு நிமிடம். மனநல ஆலோசகரோடு பேசியது ஒரு மணி நேரம்.

ஜூலை 16

வந்தார்கள்.

ஜூலை 23

வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

ஜூலை 25

அம்மாதான் கூப்பிட்டாள். "அக்கா வீட்டுக்கு வந்துட்டோம் சிஸ்டர். ரெண்டு பேரும்."

அக்டோபர் 1, செவ்வாய்

மூன்றாவது ஊசி. கத்தினாளே ஒரு கத்து! வரிசையே சேர்ந்து அழுதது. கூட வந்த பெரியம்மா பதறிப்போய், "உஸ், அழக்கூடாது" என்றாள்.

"அழட்டும்க்கா" என்றாள் அம்மா.

இரண்டு நட்சத்திரம் ஒட்டினேன். அப்படியும் கோபம் தீராமல் என்னைக் கடித்துவிட்டாள். மணிக்கட்டில் நாலு பல் பதிந்திருக்கிறது. மருந்து போட மனம் வரவில்லை.