நெருப்புப் படம் போட்ட கார்டு

ஓடைப்பட்டி
22.7.2025

திரிஷாவுக்கு,

இனி போன் பண்ணாதே என்று சொன்னவன் நான். சொன்ன சொல்லை மாற்றவில்லை. அதனால்தான் மெயில். இது ஸ்டுடியோ விஷயம், வேறு எதுவும் இல்லை.

நீ காலேஜ் படிக்கும்போது விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்த பெரிய கம்ப்யூட்டர் ஞாயிற்றுக்கிழமை நின்றுவிட்டது. ஆடிக்காற்றில் கரண்ட் நாலு தடவை போய்ப் போய் வந்தது. அதற்குப் பிறகு ஆறு ஹார்டு டிஸ்கில் ஒன்றுகூடத் தெரியவில்லை. தேனியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சுரேஷ்கண்ணன் வந்து பார்த்தான். டிஸ்குகளைச் சேர்த்துப் பிடிக்கிற கார்டு போய்விட்டதாம். அதே கம்பெனி, அதே மாடல், புதுசு நாளைக் காலையில் கொண்டு வருகிறான். போடலாமா? அதை மட்டும் சொல்.

பதினொரு வருஷம் நான் எடுத்த கல்யாணமெல்லாம் அதில்தான் இருக்கிறது. கிளம்பும்முன் பொண்ணு பெயரும் தேதியும் போட்டு ஒரு ஃபோல்டர் திறந்துவிட்டுத்தான் கேமராப் பையைத் தொடுவேன், உனக்குத் தெரியும். அனுமந்தன்பட்டி அனுஷ்கா கல்யாணமும் அதற்குள்தான். அவள் அப்பா ஒச்சாண்டி போன வாரம் தவறிவிட்டார். நான் கொடுத்த பென்டிரைவை வீடு மாறும்போது தொலைத்துவிட்டார்களாம். அந்த மனுஷன் பேசுகிற வீடியோ வேறு கிடையாது. முப்பதாம் தேதி புதன்கிழமை கருமாதிக்குள் வேண்டும் என்று அந்தப் பிள்ளை வந்து அழுதது. பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பால்பாண்டி

*

பெங்களூரு
22.7.2025

அன்புள்ள அப்பா,

ஒன்றரை வருஷம் கழித்து வந்த கடிதத்தில் ‘நல்லா இருக்கியா’கூட இல்லை. பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். அம்மா சொல்லியிருப்பாள்.

அந்தக் கார்டைப் போடாதீர்கள். சாதாரணக் கார்டு போதும் என்று அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டேன். நீங்கள்தான் பெட்டியில் நெருப்புப் படம் போட்ட கார்டாகப் பார்த்து வாங்கி வந்தீர்கள். அது ஆறு டிஸ்கையும் தனக்குப் பின்னால் மறைத்துவைத்துக்கொண்டு, லினக்ஸிடம் ஒரே டிஸ்க் என்று காட்டும். எழுதி முடிக்கும் முன்னாலேயே எழுதியாச்சு என்று சொல்லும். அதே மாடல் என்பதையும் நம்பாதீர்கள். பெட்டியும் பெயரும் அப்படியே இருக்கும், உள்ளே சிப்பை மாற்றியிருப்பார்கள். புதுச் சிப் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கம்பெனி வெளியே சொல்லாவிட்டால், லினக்ஸ் எழுதுகிறவர்கள் பாவம் என்ன செய்வார்கள்?

புதுக் கார்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை யாரும் எதையும் தொட வேண்டாம். ஒரு சந்தேகம். டிஸ்க் ஏதாவது கெட்டால் அந்தக் கார்டு கீச்கீச்சென்று கத்துமே, கேட்கவில்லையா?

திரிஷா

*

ஓடைப்பட்டி
23.7.2025, காலை 11.10

கத்தியது. பொங்கலிலிருந்தே கத்தியது. டப்பிங்கில் சத்தம் விழுகிறது என்று நான்தான் அதை நிறுத்தச் சொன்னேன். என்னைத் திட்ட இப்போது நேரமில்லை.

உன் மெயிலை நான் பார்ப்பதற்குள் சுரேஷ்கண்ணன் கார்டை மாட்டிவிட்டான். கறுப்புத் திரையில் ஒரு கேள்வி நிற்கிறது. இனிஷியலைஸ் பண்ணவா, ஒய்யா நோவா என்று கேட்கிறது. “ஒய் அமுக்குங்கண்ணே, மதுரையில எல்லாரும் அதத்தான் அமுக்குறாக, ஒண்ணும் ஆகாது” என்கிறான். உன் அம்மா கீபோர்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, “எம்மக சொல்லாம இங்கன ஒரு பய தொடக்கூடாது” என்று உட்கார்ந்துவிட்டாள். வெளியே காற்று வேறு பேயாட்டம் ஆடுகிறது. சீக்கிரம் சொல்.

*

பெங்களூரு
23.7.2025, காலை 11.14

அப்பா, அமுக்காதீர்கள்! அமுக்கினால் ஆறு டிஸ்கிலும் புதுசாக எழுத ஆரம்பித்துவிடும். அனுஷ்கா அப்பா போய்விடுவார்.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். எந்த கேபிள் எந்த டிஸ்க் என்று எண் எழுதி ஒட்டிவிட்டு ஆறையும் கழற்றுங்கள். கார்டைச் சுரேஷ்கண்ணனிடமே கொடுத்துவிடுங்கள். அம்மாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கவேண்டும் போல இருக்கிறது.

நான் ஒரு கார்டு அனுப்புகிறேன். பழைய சர்வரிலிருந்து கழற்றியது, பெட்டிகூடக் கிடையாது, பார்க்கக் கேவலமாக இருக்கும். ஆனால் பத்து வருஷமாக லினக்ஸில் அடிபட்டுத் தேறிய சிப். எதையும் மறைக்காது, ஆறை ஆறாகவே காட்டும். சேர்க்கிற வேலையை லினக்ஸ் பார்த்துக்கொள்ளும். கூரியரில் அனுப்புகிறவர் பெயர் கார்த்திக்ராஜ் என்று இருக்கும். என் வீட்டுக்காரர்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அந்தப் பெயரைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், ஒச்சாண்டி மாமாவுக்காகவாவது.

திரிஷா

*

ஓடைப்பட்டி
26.7.2025

திரிஷாவுக்கு,

கூரியர் வந்தது. “கார்த்திக்ராஜ்னு போட்டிருக்கு, சொந்தக்காரவுகளா?” என்று கூரியர்காரர் கேட்டார். கையெழுத்துப் போட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டேன்.

உள்ளே எந்த கேபிளை எதில் செருகவேண்டும் என்று ஒரு படம் வரைந்து வைத்திருந்தது. எழுத்து உன்னுடையது இல்லை. படம் தெளிவாக இருந்தது, குறை சொல்ல முடியாது.

மாட்டிவிட்டேன். ஆறும் ஆறாகத் தெரிகிறது. மூன்றாவதற்கு நேரே மட்டும் சிவப்பில் ஏதோ வருகிறது. அங்கிருந்தே நெட் வழியாக நீ உள்ளே வந்து பார்க்க வழி திறந்து வைத்திருக்கிறேன். அனுஷ்கா இன்றைக்கும் வந்து போனாள். இருக்கிறது, இருக்கிறது என்று இன்னும் எத்தனை நாள் அந்தப் பிள்ளையிடம் பொய் சொல்வது?

பால்பாண்டி

*

பெங்களூரு
27.7.2025

அன்புள்ள அப்பா,

மூன்றாவது டிஸ்க் செத்துப் பல மாதம் ஆகிறது. அதைத்தான் அந்தக் கார்டு பொங்கலிலிருந்து கத்திச் சொன்னது. நல்ல வேளை, ஒன்று போனாலும் மற்றவற்றை வைத்து மீட்கிற மாதிரிதான் அன்றைக்கு அமைத்திருந்தேன். மற்ற ஐந்தை வைத்தே லினக்ஸ் எல்லாவற்றையும் தூக்கிவிட்டது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு ஃபோல்டர். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

அனுஷ்கா கல்யாணம் முழுசாக இருக்கிறது. ஒச்சாண்டி மாமா மைக்கைப் பிடுங்கி, “சாப்புடாமப் போறவுக யாரும் எங்கூடப் பேசாதீக” என்கிறார். உடனே அவளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் காலியாக இருக்கிறது. ‘திரிஷா 09.02.2024.’ திறந்த நேரம் காலை 5.50. அது என் கல்யாண நாள், அப்பா. அதில் இருந்தது கரண்ட் போனதில் அழிந்துவிட்டதா? தேடிப் பார்க்கட்டுமா? நீங்கள்தான் சொல்லவேண்டும்.

திரிஷா

*

ஓடைப்பட்டி
28.7.2025

ஆத்தா திரிஷா,

தேடாதே. அதில் எதுவும் அழியவில்லை. நான் எதையும் வைக்கவில்லை.

மதுரையில் ரிஜிஸ்டர் பண்ணப்போகிறீர்கள் என்று தேதியை உன் அம்மா சொன்னாள். விடியும்முன் ஸ்டுடியோவைத் திறந்து, ஃபோல்டர் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தேனியில் மதுரை பஸ் ஏறிவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் கேமராப் பையைப் பார்த்துவிட்டு, “கல்யாணமா? பொண்ணு யாரு வீட்டுப் பொண்ணு?” என்று கேட்டார். ஆண்டிபட்டியில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

வீம்பு, வேறென்ன. நானூற்றுப் பதினொரு பிள்ளைகளின் கல்யாணத்தை எடுத்தவன், என் பிள்ளை கல்யாணத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அந்த ஃபோல்டரை அழித்துவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். கை வரவில்லை.

அனுஷ்கா வந்தாள். அவள் அப்பா பேசுகிற இடத்தை மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். உன் அம்மாவும் கூட உட்கார்ந்து அழுதாள். நானும்தான்.

அன்றைக்கு யாராவது போனில் எடுத்திருப்பார்கள் இல்லையா? ஆட்டமாக இருந்தாலும் சரி, இருட்டாக இருந்தாலும் சரி. வாட்ஸப்பில் அனுப்பாதே, அது சுருக்கிக் கெடுத்துவிடும். பென்டிரைவில் போட்டுக் கையில் கொண்டு வா. மூன்றாவது டிஸ்கை மாற்ற ஆள் வேண்டும். படம் வரைந்த மாப்பிள்ளையையும் கூட்டி வா.

உன் அப்பா