இல்லாத மூன்று ஏக்கர்

என் செல்ல அப்பாவுக்கு,

என்னைக் கல்லூரியில் சேர்க்க வந்தபோது நீ போட்டிருந்த முழுக்கைச் சட்டையை அம்மா நேற்று துவைத்துக் காயப்போட்டிருந்தாள். பார்த்ததும் உள்ளே ஓடிவிட்டேன். ஏனென்று உனக்குத் தெரியும்.

அந்த வெயிலில் மணிக்கட்டுவரை பொத்தான் போட்டு நின்றாய். கரும்புச் சோகை கிழித்த கைகளை யாரும் பார்க்கக் கூடாதென்று நான்தானே அப்படிப் போடச் சொன்னேன்? பக்கத்தில் படிவம் எழுதியவளின் அப்பா காரில் வந்திருந்தார். நான் அவசரமாக, தந்தை தொழில் விவசாயம், சொந்த நிலம் மூன்று ஏக்கர் என்று எழுதிவிட்டேன்.

அலுவலகத்தில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, "மூணு ஏக்கராங்க? இன்னா பயிர் வெச்சிக்கிறீங்க?" என்று கேட்டார். நீ என் முகத்தை ஒரு தடவை பார்த்தாய்.

"கரும்புங்க" என்றாய்.

நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாதிக் கட்டணச் சலுகை அதோடு போயிற்று. கள்ளக்குறிச்சியிலிருந்து ரிஷிவந்தியம் திரும்பும் பஸ்ஸில், "ஏம்மா, நம்ம மூணு ஏக்கர ஆள வெச்சி வெட்றதா, நானே வெட்டிக்கட்டுமா?" என்று சிரித்தாய். திட்டியிருக்கலாமே அப்பா? இரண்டு வருஷம் எனக்காக ஊரார் கரும்பையெல்லாம் வெட்டினாய். லாரியில் லோடு ஏற்றும்போது விழுந்து, எங்களை விட்டுப் போயும்விட்டாய்.

கடைசி வருஷக் கட்டணத்துக்கு வழியில்லை. குடும்ப நிலைமை மாறியிருந்தால் மனு கொடு, சலுகையை மறுபடி பார்க்கலாம் என்றார்கள் கல்லூரியில். நானும் எழுதினேன். தந்தை இறந்ததால் நிலத்தை விற்றுவிட்டோம் என்று, வெட்கமே இல்லாமல் எழுதினேன். கையெழுத்துக்காக அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"எந்த நெலம்டி?" என்றாள்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "சலுக இன்னாச்சின்னு நான் கேக்கறப்பல்லாம், காலேஜில குடுக்கலன்னுதான உங்கப்பா சொல்லிக்கினு இருந்தாரு" என்றாள்.

அந்த மனுவைக் கிழித்துவிட்டேன். வேறு எழுதியிருக்கிறேன். எங்களுக்கு என்றைக்கும் நிலம் இருந்ததில்லை, அன்று நான் எழுதியது பொய், என் அப்பா கரும்பு வெட்டும் கூலியாள், இப்போது மாறியது ஒன்றுதான், வெட்டுவதற்கு அவர் இல்லை.

பொய் எழுதியவளுக்கு எதற்குச் சலுகை என்பார்களோ? பேரையே அடித்துவிடுவார்களோ? பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நாளைக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். பக்கத்தில் யார் நின்றாலும் உன் வேலையைச் சத்தமாகச் சொல்வேன். இது சத்தியம்.

நீ இனிமேல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள் அப்பா.

கரும்பு வெட்டும் ஏழுமலையின் மகள்,
செல்வி