மன்சாவுக்கு நான் எழுதாத செய்தி

2023 மார்ச் 7, செவ்வாய்

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்த நோட்டு யார் கையிலும் சிக்காது என்ற தைரியத்தில். தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி என்று எங்கள் ஊர் மங்கெசிம் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டு, ஏழு மாதமாக எழுத்துக் கற்றுக்கொள்ளும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். வயது நாற்பத்தெட்டு. இரண்டாம் வகுப்போடு நின்றவள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் நாடியில் இடிக்கிறது.

பக்கத்துக் கடை அராபாவுக்குச் சந்தேகம். தக்காளியை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "ஏழு மாசமா பாடிப் பழகுற. ஞாயித்துக்கெழம உன் பக்கத்துல நின்னா ஆட்டை அறுக்கிற மாதிரிதான் கேக்குது. யாரு சொல்லித் தர்றா, அந்த ஆடேவா?"

"உன் தக்காளி அளவுக்கு என் குரல் கெட்டுப்போகலடீ" என்றேன்.

மன்சா ஒருத்திக்குத்தான் உண்மை தெரியும். புளித்த சோளமாவை இலையில் கட்டி அவித்து விற்கிறாள்; கென்கே அவளுடையது, தொட்டுக்கொள்ளப் புகைமீன் என்னுடையது. இருபது வருடமாக ஒருத்தி வியாபாரத்தை இன்னொருத்தி தூக்கிப் பிடிக்கிறோம். போனில் நான் எதையும் குரலாகப் பேசித்தான் அனுப்புவேன். "நீ என்னிக்கு எழுதி அனுப்புறியோ அன்னிக்கு நான் அடுப்படியில ஆடுவேன்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அவள் இடுப்பை நினைத்தால் எழுதாமல் இருப்பதே அடுப்புக்கு நல்லது.

தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார் ஈபோ வாத்தியார். இதோ, ஆயிற்று.

மார்ச் 8, புதன்

மீன் குறைவு, புகை அதிகம். என் கண்ணில் வழிந்த நீரைப் பார்த்து மனமிரங்கி ஒரு அம்மா இரண்டு மீன் கூடுதலாக வாங்கிப் போனார். கர்த்தருக்கு நன்றி.

மார்ச் 11, சனி

இன்று எனக்குப் பெருமையான நாள்.

ஒரு தம்பி போன் செய்தான். தேவாலயப் பெண்கள் சங்கத்துக்கு வாட்ஸப்பில் புதுக் குழு தொடங்குகிறார்களாம், என்னையும் சேர்க்க வேண்டுமாம். "உங்க போனுக்கு ஒரு எண் வரும் ஆன்ட்டி, அதைச் சொல்லிட்டா போதும்." வழக்கமாக இப்படி ஏதாவது வந்தால் அராபாவிடம் நீட்டுவேன். இன்று நீட்டவில்லை. மேலேயும் கீழேயும் ஏதோ இங்கிலீஷ். நடுவில் ஆறு எண். நானே, ஒவ்வொன்றாக, சத்தமாக வாசித்தேன்.

"அடடா! எவ்வளவு தெளிவா வாசிக்கிறீங்க ஆன்ட்டி!"

இந்த நாட்டில் இன்னும் மரியாதை தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மார்ச் 12, ஞாயிறு

வாட்ஸப் திறக்கவில்லை. போன் பழசு. திங்கள் வரை காத்திருந்தால் தானாகச் சரியாகிவிடும், என் முட்டுவலி மாதிரி.

மார்ச் 13, திங்கள்

எப்படி எழுதுவது? வரிசையாகவே எழுதுகிறேன்.

காலையில் அராபா தன் போனை ஆட்டிக்கொண்டு, சிரிப்பில் மூச்சு வாங்க வந்தாள்.

"ஏய் பென்ட்சிவா, நீ எனக்கு லெட்டர் போட்டிருக்கடீ! 'அன்புள்ள அராபா, தயவுசெய்து'ன்னு! உனக்கு எங்கடீ தயவு தெரியும்? எழுத்துதான் எங்க தெரியும்? எந்தத் திருடனோ, ஆளை விசாரிக்காமத் தொழிலுக்கு வந்துட்டான்!"

வாங்கிப் பார்த்தேன். என் படம், என் பெயர். எங்கள் ஃபான்டி மொழியில் அழகாக எழுதியிருந்தது. எனக்குத் தொண்டை கட்டிப் பேச முடியவில்லையாம், ஆஸ்பத்திரியில் இருக்கிறேனாம். தொள்ளாயிரம் சீடி பணம் உடனே வேண்டுமாம். அனுப்ப வேண்டிய எண் கீழே இருந்தது.

முதலில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் மன்சா நினைவு வந்தது.

கடையை அராபாவிடம் விட்டுவிட்டு ஓடினேன். ஓடுகிற உடம்பா இது? வழியில் பார்த்தவர்கள் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று பின்னால் வந்தார்கள்.

மன்சா என்னைக் கண்டதும் மாவு கிண்டும் துடுப்பைப் போட்டுவிட்டு, மாவுக் கையோடு கட்டிப் பிடித்துக்கொண்டாள். "எழுதிட்டியேடீ! எழுதிட்டியே! நாலு தடவ படிச்சேன். பக்கத்து வீட்டுக்காரிக்கும் காட்டினேன், பாரு இது என் பென்ட்சிவா எழுதினதுன்னு. ஆமா, அதுக்குள்ள ஆஸ்பத்திரிய விட்டு வந்துட்டியா? தொண்ட எப்படியிருக்கு?" சொல்லிக்கொண்டே, சொன்னபடி ஆடவும் தொடங்கிவிட்டாள்.

அவள் தோளைப் பிடித்தேன்.

"மன்சா, அது நான் இல்ல."

ஒரு கால் தரையில், ஒரு கால் மேலே. அப்படியே நின்றாள்.

"காசு அனுப்பிட்டியா?"

"பாத்த உடனேயே."

அது அவள் அடுப்படிக்குக் கூரை போட வைத்திருந்த காசு. போன காற்றில் தகரம் பறந்துவிட்டது. இப்போது மேலே வானம்தான். மழை தொடங்கிவிட்டால் அடுப்பு எரியாது, கென்கே கிடையாது.

அவள் வெகுநேரம் கையைக் கழுவினாள். பிறகு, "அப்போ நீ எழுதலையா?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 14, செவ்வாய்

மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தால் அதிகம். வேறு எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 15, புதன்

நான் என்ன செஞ்சிட்டேன்? ஆறே ஆறு எண். என் வாயால. அதுவும் வாசிக்கத் தெரிஞ்சிருச்சுங்கிற திமிர்ல.

ஈபோ வாத்தியாரிடம் போனேன். அந்த எண் வந்த செய்தியைத் தேடி எடுத்து, எண்ணுக்குப் பக்கத்திலிருந்த இங்கிலீஷுக்குப் பொருள் சொன்னார்: இதை யாரிடமும் சொல்லாதே. அவ்வளவுதான். எச்சரிக்கையைத் தாண்டிப் போய் எண்ணை வாசித்திருக்கிறேன்.

"அம்மா, திருடன் பூட்ட உடைக்கல. நீங்களே சாவிய எடுத்துக் குடுத்திருக்கீங்க."

"ஆறுதல் சொல்லத் தெரியலன்னா ஒரு பாட்டாவது பாடுங்க வாத்தியாரே."

"பாட்டு வகுப்புன்னு சொல்லிட்டு வர்றது நீங்கதானே" என்றார். நல்ல மனுஷன். தன் வேலையை விட்டுவிட்டு அரை நாள் என்னோடு அலைந்தார். வாட்ஸப்பில் என் எண்ணை மறுபடி பதிந்து திருடனை வெளியே தள்ளினார். ஆனால் அவன் போகும்போது உள்ளே தன் பூட்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்; அது திறக்க ஏழு நாள் ஆகுமாம். காசு அனுப்பும் கம்பெனிக்குப் போன் செய்தோம். பத்தே நிமிடத்தில் திருடன் காசை எடுத்துவிட்டானாம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்கலாமாம்.

பிறகு மன்சாவையும் கூட்டிக்கொண்டு காவல் நிலையம். புகாரை எழுதிக்கொண்ட போலீஸ் அம்மா ஒளிக்காமல் சொன்னார்: "காசு திரும்பி வரும்னு நம்பி இருக்காதீங்க. ஆனா வந்தது நல்லது. இந்த எண்ணைப் பத்தி இது மூணாவது புகார். பாதிப் பேரு வெக்கப்பட்டு வர்றதே இல்ல. அதுதான் அவனுங்களுக்குப் பெரிய உதவி."

மார்ச் 17, வெள்ளி

கணக்கெடுத்தேன். என் பெயரில் பதினேழு பேருக்குச் செய்தி போயிருக்கிறது. பதினாறு பேர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். "பென்ட்சிவாவாவது, எழுதுறதாவது!" அதனால் தப்பித்தார்கள்.

என்னால் முடியும் என்று இந்த உலகத்தில் நம்பியது ஒருத்தி. திருடனிடம் மாட்டியதும் அவள்தான்.

அவள் என் பக்கம் வருவதில்லை. கோபமில்லை, வெட்கம் என்கிறாள் அராபா. "படிச்சவ, அவளே ஏமாந்துட்டா" என்று யாரோ பேசியது காதில் விழுந்ததாம். போனை அணைத்துப் பெட்டியில் வைத்துவிட்டாளாம். யார் பேசியது என்று தெரிந்தால் அவர்களுக்கு முள்ளை மட்டும் பொட்டலம் கட்டித் தருவேன்.

சிரிக்க வேண்டும் என்றால் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். அதற்கு நான் பழகியவள்.

மார்ச் 18, சனி

சந்தை முனைக் கம்பத்தில் நான்கு குழாய் ஒலிபெருக்கி. சாவு, கல்யாணம், காணாமல் போன ஆடு, வயிற்றுப்புழு மருந்து எல்லாம் அதில்தான் வரும். அதை நடத்துகிற ஃபீஃபியிடம் போய் ஐந்து நிமிடம் வேண்டும் என்றேன். சாவு அறிவிப்பா என்று கேட்டான். கிட்டத்தட்ட என்றேன். காசு வாங்கவில்லை, நன்றி.

நல்ல கூட்டம். மைக்கைப் பிடித்ததும் வாய் உலர்ந்துவிட்டது. எனக்கு, வாய்!

"சந்தைக்காரங்களே, மீன்கார பென்ட்சிவா பேசுறேன். நான் பாட்டுப் பயிற்சிக்குப் போகல. எழுதப் படிக்கக் கத்துக்கப் போறேன். சிரிச்சுக்குங்க, காத்திருக்கேன்… சரி. ஒருத்தன் போன் பண்ணி, வந்த எண்ணைக் கேட்டான், நான் வாசிச்சுக் குடுத்துட்டேன். அத வச்சு என் பேருல நுழைஞ்சு எல்லார்கிட்டயும் காசு கேட்டான். தப்பு பண்ணினது நான். குடுத்த மன்சா இல்ல. தோழி ஆஸ்பத்திரில கெடக்கான்னா உடனே குடுக்கிறவ அவ. உங்கள்ல எத்தன பேருக்கு அப்படி ஒருத்தி இருக்கா? போனுக்கு வர்ற எண்ண யாருக்கும் சொல்லாதீங்க, பாதிரியாரே கேட்டாலும் சொல்லாதீங்க. எவன் காசு கேட்டு எழுதினாலும் முதல்ல கூப்பிட்டு அவங்க குரலக் கேளுங்க. ஏமாந்துட்டா அந்த நிமிஷமே கம்பெனிக்குச் சொல்லுங்க, காவல் நிலையத்துக்குப் போங்க. வெக்கப்பட வேண்டியது திருடன்தான்."

இறங்கினால், ஆட்டுக்கறிக்கடை கோபினா நிற்கிறார். ஆறடி ஆள். ஓரமாகக் கூப்பிட்டு, "போன வருஷம் எனக்கும் இதே மாதிரி. பரிசு விழுந்திருக்குன்னான். பொண்டாட்டிகிட்ட கூடச் சொல்லல" என்றார். சாயங்காலத்துக்குள் இன்னும் ஐந்து பேர் வந்தார்கள், ஆளுக்கு ஒரு ஓரத்தில். என் கடைக்கு இருப்பதே நான்கு ஓரம்.

மன்சா வரவில்லை. ஆனால் அவள் வீடு வரைக்கும் குழாய்ச் சத்தம் கேட்கும்.

மார்ச் 20, திங்கள்

அராபாவுக்கு ஒரு போன். பரிசு என்றானாம், எண் வரும் என்றானாம். "கொஞ்சம் இருங்க சார், சத்தமா இருக்கு" என்று சொல்லி நேராக ஃபீஃபியிடம் ஓடி, போனை மைக்கில் வைத்துவிட்டாள்! அவன் தேன் ஒழுகப் பேசுவதைச் சந்தை முழுக்கக் கேட்டது. "எண் வந்திடுச்சா மேடம்?" என்றான். வெங்காயக்காரர்கள், துணிக்காரர்கள், லாரியில் சாக்கு ஏற்றுகிறவர்கள், எல்லோரும் சேர்ந்து "வரலையே!" என்று கத்தினார்கள். வைத்துவிட்டான்.

அராபாவைக் கட்டிப்பிடித்தேன். "மேல படாதடீ, மீன் வாசம்" என்றாள். இருந்தாலும் விலகவில்லை.

மார்ச் 22, புதன்

பூட்டு திறந்தது. இனி என்னைத் தவிர யாரும் நுழையாதபடி வாத்தியார் ஒரு ரகசிய எண் போடச் சொன்னார். போட்டேன். இந்த நோட்டில் அதை எழுதவில்லை, நான் தேறிவிட்டேன்.

முதல் செய்தி மன்சாவுக்குத்தான் என்று நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று தோன்றியது. போனில் எழுதினால் அவள் மறுபடி எதை நம்புவாள்? இந்த நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். ஒரு மணி நேரம் பிடித்தது. "மன்சா, இது நான். அவன் தயவுசெய்து என்று எழுதினான். நான் உன்னிடம் எப்போதடீ தயவுசெய்து சொன்னேன்? அப்போதே உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா, மடச்சி. என்னால் எழுத முடியும் என்று நீ நம்பினாய். அதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? நன்றி. மீன் வாங்க வா."

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்தாள். தாளை மூக்கருகே கொண்டுபோனாள்.

"புகைமீன் நாத்தம். நீயேதான்" என்றாள்.

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். கென்கே ஒரு பானை அடிப்பிடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

ஏப்ரல் 1, சனி

கோபினா தன் பழைய கொட்டகையிலிருந்து நான்கு தகரம் கொண்டுவந்தார். வெங்காயக்காரர்கள் இரண்டு தந்தார்கள். ஆணி அராபாவுடையது, "இனாம் இல்ல, ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு மீன்" என்றாள். ஒன்று பச்சை, ஒன்று துரு, மூன்று நீலம், ஒன்று என்ன நிறம் என்று சொல்ல முடியாது. போட்டு முடித்துக் கீழே இறங்கவும் மழை. உள்ளே நின்று எல்லோரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒழுகவில்லை. காசு திரும்பவில்லை, வராது. ஆனால் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மன்சா பெட்டியிலிருந்து போனை எடுத்துவிட்டாள்.

ஏப்ரல் 5, புதன்

அந்த முதல் நாளுக்குப் பிறகு சனிக்கிழமைதோறும் ஐந்து நிமிடம் ஒலிபெருக்கியில் பேசிவருகிறேன்; ஃபீஃபி இப்போது புதனும் தந்திருக்கிறான். மன்சாவும் என்னோடு மேடையேறினாள். அவள் யோசனைதான்: வேண்டியவர்கள் இரண்டு இரண்டு பேராக ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ள வேண்டும். யார் பெயரில் காசு கேட்டு வந்தாலும் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும்; தெரியாவிட்டால் திருடன். நாங்கள் இருவரும் போன வாரமே ஒன்று வைத்துக்கொண்டோம். அவள் வெகு அழகாக விளக்கினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் ஒருவருக்குப் புரியவில்லை, "எப்படிப்பட்ட சொல்?" என்று கேட்டார். நான் மைக்கை வாங்கி, எங்கள் சொல்லை உதாரணமாகச் சொன்னேன்.

நான்கு குழாயிலும் தெளிவாக வந்ததாம். மன்சாவும் நானும் வேறு சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்.