பகடையா, கட்டைக் கோபுரமா

மார்ச் 3

அன்புள்ள வாத்துக்கு,

நலம்தானே? போனில் பேசினால் நமக்குள் சண்டை முற்றுகிறது, அதனால் எழுதுகிறேன். நீ லீவில் வரும்போது ஆளுக்கொரு பாத்திரமாக ஆடப்போகும் பேய்க்கதை விளையாட்டுக்கு விதிமுறை முடிவாகிவிட்டது. கதை நடத்துவது நான், ஆகவே முடிவும் என்னுடையது. மரக்கட்டைக் கோபுரம். கதையில் உன் ஆள் ஒரு கதவைத் திறக்க வேண்டுமா, அடுக்கிலிருந்து ஒரு கட்டையை உருவு. கோபுரம் சரிந்தால் உன் ஆள் காலி.

போன தடவை பகடை உருட்டி என்ன கண்டோம்? பேய் எதிரில் நிற்கிறது, உன் அத்தான் "எனக்கு இன்னும் நாப்பது உயிர்ப்புள்ளி இருக்கு, வரட்டும்"னு டீ குடிக்கிறார். அங்கே பயத்துக்கு என்ன வேலை?

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

நலம். பகடைதான் வேண்டும். கோபுரம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம், சித்தி பெண் மேசையில் முட்டினாலே கதை முடிந்துவிடும்.

வேலை பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து வரவேற்பு மேசைக்கு மாறிவிட்டேன். என் கையெழுத்தைக் கோழி கிளறியது என்பாயே, இனிமேல் டைப்தான்.

கோபுரம் என்றால் என்னைச் சேர்க்காதே. ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன்.

வாத்து

மார்ச் 19

வாத்து,

ஊசி குத்தியதே தெரியாது என்று குழந்தைகள்கூட உன்னிடம்தான் கை நீட்டும் என்று பீற்றிக்கொள்வாயே. அந்த நீ ஏன் மேசைக்குப் போனாய்? கடிதத்தின் அடியில் பெயரைக்கூட டைப் அடித்திருக்கிறாய். கை நடுங்குகிறதா? என்னிடம் சொல்லவில்லையே, அதுதான் வலிக்கிறது.

பகடையே வைத்துக்கொள்வோம். இல்லாவிட்டால் எல்லோரும் இடது கையால்தான் கட்டை உருவ வேண்டும் என்று விதியை மாற்றுகிறேன். நீ ஓரமாக உட்காருவது மட்டும் நடக்காது.

அக்கா

மார்ச் 27

அன்புள்ள அக்கா,

நடுங்குகிறது. மருந்து ஆரம்பித்தாயிற்று. குணமாகாதாம், கொஞ்சம் அடங்கியிருக்குமாம். ஊசி போய் இறங்குவது இன்னொருவர் கையில், அதனால் மேசை வேலையை நானேதான் கேட்டு வாங்கினேன். கட்டை உருவும்போது எல்லோரும் என் விரலையே பார்ப்பீர்களே என்று கூச்சம். பகடைக்கு மல்லுக்கட்டியது அதற்குத்தான்.

ஆனால் இடது கை விதியைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது. எனக்காக யாரும் கையை மாற்ற வேண்டாம். நேற்று ஒரு கோபுரம் வாங்கி அடுக்கிப் பார்த்தேன். முதலில் தொட்டதுமே சரிந்தது. படுக்கப் போவதற்குள் கோபுரம் சரியாமல் சில கட்டைகள் உருவிவிட்டேன்.

கோபுரமே இருக்கட்டும். நான் கை நீட்டும்போது அத்தான் டீயை மறந்துவிடுவார், நீ கேட்ட பயம் அதுதானே. என் ஆள் முதலில் செத்தால் சாகட்டும். யாரும் மேசையைப் பிடிக்கக் கூடாது, அத்தானிடமும் சொல்லிவை.

இதைக் கையால் எழுதியிருக்கிறேன். புரியாவிட்டால் திரும்பப் படி, டைப் அடித்து அனுப்பமாட்டேன்.

வாத்து