ஏழு கிலோ போர்வை

மார்ச் 3, செவ்வாய்

நேற்றும் பொட்டுத் தூக்கம் இல்லை. இருபது வருடம் கிரேன் கேபினில் உட்கார்ந்தவன், இன்றும் தரையில் நின்று வேறொருவர் தூக்கும் பளுவுக்குக் கொடி காட்டினேன். நாலு மாதத்துக்கு முன் நான் தூக்கிய கம்பிக்கட்டு காற்றில் சுழன்று, கம்பி கட்டுகிறவர் தலைக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்தக் கட்டுதான் வருகிறது.

டாக்டர் சொல்லிவிட்டார்: "தூங்காத ஆள மேல ஏத்த நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஏப்ரல் ரெண்டாம் தேதி வாங்க, பாப்போம்." அன்றும் இல்லையென்றால் கேபின் புது ஆளுக்குப் போய்விடும்.

மார்ச் 8, ஞாயிறு

மனைவி எனக்கு எடைப் போர்வை தைக்கிறாள். சோபா உறை தைக்கிற பெரிய மெஷினில். அவளிடம் உறை தைக்கக் கொடுத்த பிசியோதெரபி அம்மா சொன்ன யோசனையாம். உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும், உடம்பு அடங்கும், தூக்கம் வரும். நான் எழுபத்திரண்டு கிலோ. ஆகவே ஏழு கிலோ, கடுகளவு கண்ணாடி உருண்டைகள்.

"எல்லாத்தையும் ஒரே பையில கொட்டிட்டா ஆகாதா?" என்றேன்.

"கொட்டினா, விடியறதுக்குள்ள அத்தனையும் கால்மாட்டுல கிடக்கும். நீங்க உங்க வேலையப் பாருங்க."

நூற்று நாற்பது கட்டம். ஒவ்வொன்றிலும் ஐம்பது கிராம், நிறுத்துப் போட்டு, வாயைத் தைத்து, அடுத்தது. ஒரு கோடுகூடக் கோணவில்லை. இவளுடன் இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும், உட்கார்ந்து இவள் வேலையைப் பார்த்தது இன்றுதான். அசந்துபோனேன்.

மார்ச் 11, புதன்

நாலு மணி நேரம் தூங்கினேன்! நானா? நான்தான்.

போர்வை மேலே விழுந்ததும் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தோளிலிருந்து பாதம் வரை யாரோ ஆதரவாகக் கை வைத்து அழுத்துவது போல இருந்தது. மூச்சு தானாக நிதானப்பட்டது. கம்பிக்கட்டு வந்தது — வந்து, போயும் விட்டது.

மார்ச் 14, சனி

ஐந்து மணி நேரம். இவளுக்குக் கோயில் கட்டினாலும் தகும்.

மார்ச் 17, செவ்வாய்

மடத்தனம். ஏழு கிலோவுக்கு ஐந்து மணி நேரம் என்றால் பன்னிரண்டு கிலோவுக்கு எட்டு மணி நேரமாவது வராதா? இப்படி ஒரு கணக்குப் போட்டு, மிச்சமிருந்த உருண்டைகளைத் தலையணை உறைகளில் கட்டிப் போர்வைமேல் ஏற்றிக்கொண்டேன். புரள முடியவில்லை. வியர்த்துக் கொட்டியது, மூச்சு முட்டியது. உதறிவிட்டு எழுந்தவன் எழுந்தவன்தான்.

காலையில் பிடித்துவிட்டாள். "ஏங்க, கிரேன்ல அளவுக்கு மேல ஏத்தினா என்ன ஆகும்?"

"அலாரம் அடிக்கும். தூக்காது."

"இருபது வருஷமா அதைக் கேட்டவருக்கு இது தெரியாதாக்கும்!"

அசடு வழிந்தேன். திரும்ப ஏழு கிலோ.

மார்ச் 25, புதன்

ஆறு மணி நேரம். போர்வை ஒன்றும் மந்திரம் இல்லை, கட்டு இன்னும் சில நாள் வரத்தான் செய்கிறது. ஆனால் தூங்கி எழுந்த மனிதனுக்குக் கொஞ்சம் தைரியம் இருக்கிறது. கம்பி கட்டுகிறவரிடம் போய் இன்றுதான் அதைப் பற்றிப் பேசினேன். "அதையா இன்னும் நெனச்சிட்டிருக்கீங்க? நான் அன்னிக்கு மத்தியானமே சாப்பிட்டுத் தூங்கிட்டேன்ண்ணே!" என்றார். பாவி மனிதர்!

ஏப்ரல் 2, வியாழன்

டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். வெளியே பெஞ்சில் இருந்த மனைவி காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். "சரி, வாங்க, பஸ் வந்துரும்" என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 6, திங்கள்

ஏறினேன். முதல் பளுவை மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்கினேன்.

நாலரைக்கு வீட்டுக்கு வந்தால் மெஷின் சத்தம் இல்லை. பகலில் தலை சாய்க்காதவள், என் போர்வைக்குள் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறாள். கழுத்தில் அளவு நாடா. இரண்டு தடவை கூப்பிட்டேன், அசையவில்லை.

அப்போதுதான் உறைத்தது. நாலு மாதமாகப் பக்கத்தில் ஒருவன் புரண்டுகொண்டே இருந்தால் இவள் எங்கே தூங்கியிருப்பாள்? ஒரு நாளாவது கேட்டேனா? வெட்கமாக இருக்கிறது.

மணி ஏழு. சமையலை முடித்துவிட்டேன். உறை வாங்க வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன். என் எடை அவளுக்கு மனப்பாடம். அவள் எடை எனக்குத் தெரியாது. எழுந்ததும் கேட்க வேண்டும்.