சாட்சி சொல்லாத ஞாயிறு

கும்மிடிப்பூண்டி
செவ்வாய்க்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான பேத்தி ஜெபாவுக்கு உன் ஆயா எழுதுவது. அவர் கிருபையால் நான், உன் அப்பா, அம்மா எல்லாரும் சுகம். திருவள்ளூர் ஹாஸ்டல் சாப்பாடு உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? காரம் அதிகம் என்று உன் அம்மா சொன்னாள். மோர் வாங்கிக் குடி.

முதலில் நல்ல சேதி. உன் அண்ணன் இம்மானுவேலை டயர் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். இனிமேல் அவன் மிஷின் பக்கத்தில் வேகத் தேவையில்லை, வேகிறவர்களைப் பார்த்துக்கொண்டால் போதும். ஜெயராஜ் சித்தப்பா மகன் பீட்டர் டிப்ளமோவை அரியர் வைக்காமல் முடித்துவிட்டான். நம் வீட்டு ஆண்பிள்ளைகளில் இப்படி முடித்தது அவன்தான் முதல். அவன் தங்கைக்கு நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. கடைக்குட்டி ஸ்கூலில் தக்காளி வேஷம் போட்டு முதல் பரிசு வாங்கியது. மேடையில் பாதியில் தூங்கியும் பரிசு கொடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்.

அடுத்து உன் பெயரை எழுத வந்தேன், பேனா நின்றுவிட்டது. உன்னிடம் மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தவள், முதல் பக்கத்தைப் பெருமை பேசியே ரொப்பிவிட்டேன். கிழித்துப் போட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். உன் ஆயா எப்படிப்பட்டவள் என்று நீ முழுசாகவே பார்.

நீ என் போனை எடுப்பதில்லை. அது சரிதான். எடுத்தால் நான் அழுவேன், நீ மனசு கேட்காமல் சரி விடு ஆயா என்பாய், விஷயம் அதோடு மூடிப்போகும். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். அஞ்சாங்கிளாஸ் எழுத்து, கோணல் மாணலாகத்தான் இருக்கும். நிதானமாகப் படி.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பழக்கிக்கொடுக்கிற சென்டரில் டெக்னீசியனாகச் சேர்ந்த புதிதில், என்னைப் பிள்ளையாக உட்கார வைத்துப் பாடம் பழகினாயே, ஞாபகம் இருக்கிறதா? கை தட்டு என்பாய். தட்டினால் உடனே கடலை உருண்டையில் ஒரு துண்டு வாயில் விழும். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டேன். லேட்டா குடுத்தா எதுக்குக் குடுத்தோம்னே பிள்ளைக்குத் தெரியாது ஆயா என்றாய். நமக்குப் பிடித்ததைக் கொடுத்தால் ஆகாது, அந்தப் பிள்ளைக்கு எது பிடிக்குமோ அதைத்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாய். எனக்குத்தான் கடலை கடிக்கப் பல் இல்லையே. அதனால் மிட்டாயை வைத்துவிட்டு, சூப்பர் ஆயா என்று நீ கையைத் தட்டினாய். அவ்வளவுதான், நீ கேட்காமலே மூக்கைத் தொட்டேன், காதைத் தொட்டேன், எழுந்து ஒரு சுற்றுச் சுற்றியும் காட்டினேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஆயாவுக்கு மிட்டாய் வேலைக்கு ஆவாது, புகழ்ச்சிதான் வேலை செய்யுது என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தாய். பிள்ளை அடம் பிடித்தான் என்று எழுதக் கூடாது, தரையில் படுத்தான், காலை உதைத்தான் என்று கண்ணால் கண்டதை எழுத வேண்டும். அதற்கு முன்னே என்ன நடந்தது, பின்னே அவனுக்கு என்ன கிடைத்தது, அதையும் எழுத வேண்டும். அதே மாதிரி இப்போது என்னைப் பற்றி எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது என்று மட்டும் எழுதினால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய்.

முன்னே நடந்தது. ஒரு சாயங்காலம் நீ செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாய். ஒரு பையன் இன்னிக்கு வாயைத் தொறந்து தண்ணின்னு கேட்டான் ஆயா என்றாய். கண்ணெல்லாம் ஈரம். யார் பிள்ளை என்று நீ சொல்லவில்லை. வெளிய சொல்லாத ஆயா, எங்க வேலைல அது பெரிய தப்பு என்றும் சொன்னாய். நீ சொன்னது அந்த ஒரு வரிதான். மிச்சத்தைச் சேர்த்தது நான். நீ மறந்து வைத்துவிட்டுப் போன சோற்றுக் கேரியரை எடுத்துக்கொண்டு ஒரு நாள் சென்டருக்கு வந்தேன் அல்லவா, அன்றைக்கு வாசலில் ஒரு பெண் எனக்கு இடம் விட்டு உட்கார வைத்தாள். பக்கத்தில் அவள் பையன். எளாவூர், வீட்டுக்காரர் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், பையன் தண்ணி வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுப்பான், கேட்கத் தெரியாது என்று அவளே சொன்னாள். வயசானவள் என்று நம்பிச் சொன்னாள்.

நான் செய்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர், சாட்சி சொல்கிறவர்கள் முன்னே வரலாம் என்றார். போனேன். மைக்கைப் பிடித்தேன். ஊமையாக இருந்த ஒரு பிள்ளையின் வாயை ஆண்டவர் என் பேத்தி கையால் திறந்தார் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். எளாவூர் என்றேன். கிரேன் ஓட்டுகிறவர் வீடு என்றேன்.

பின்னே கிடைத்தது. ஆமென் என்றார்கள், அல்லேலூயா என்றார்கள். முன் வரிசைப் பெண்கள் கை தட்டினார்கள். வெளியே வந்ததும் நாலு பேர் என் கையைப் பிடித்து, கொடுத்து வெச்சவங்க ஆயா நீங்க என்றார்கள். வீட்டுக்கு வருகிற வரைக்கும் எனக்கு முட்டி வலிக்கவே இல்லை.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். கடைசி வரிசையில் இருந்த ராஜமாணிக்கம் பெஞ்சாதிக்கு அந்த வீடு அடுத்த தெரு. சாயங்காலத்துக்குள் பையனின் பாட்டி காதுக்குப் போய்விட்டது. மாமியாருக்குப் பயந்து அந்தப் பெண் இத்தனை நாளும் டியூஷன் என்று சொல்லித்தான் பிள்ளையைக் கூட்டி வந்திருக்கிறாள். என் பேரனுக்குப் பைத்தியமா என்று அந்த அம்மா தெருவில் நின்று கத்தியதாம். மறுநாளிலிருந்து பையன் வரவில்லை. உன்னைக் கூப்பிட்டுக் கண்டித்து, திருவள்ளூர்க் கிளைக்கு மாற்றினார்கள். நீ என்னைத் திட்டவே இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

நீ போனபிறகு நான் சும்மா இருக்கவில்லை. உங்கள் சென்டரை நடத்துகிற சந்திரகலா மேடத்தைப் பார்க்கப் போனேன். தப்பு என்னுடையது, என் பேத்தி ஒரு வரிதான் சொன்னாள், அந்தப் பையனைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கும்பிட்டேன். மேடம் நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். எந்தப் பையன்னு எனக்குத் தெரியாதும்மா, இங்க யார் வர்றாங்க யார் வரலைன்னு நான் யார் கிட்டயும் சொல்றதில்ல என்றார்கள். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும், இருந்தும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வாயை மூடி வைப்பது என்றால் என்ன என்று இந்த வயசில் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அந்த வீட்டுக்குப் போய்க் காலில் விழட்டுமா என்று கேட்டேன். தயவு செஞ்சி யார் வீட்டுக்கும் போவாதீங்க என்று மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்கள். போகவில்லை. அந்த ஒரு பேச்சையாவது கேட்டேன்.

ஆனால் போன வியாழக்கிழமை ஷேர் ஆட்டோவில் அந்தப் பையனின் அம்மாவைப் பார்த்தேன் ஜெபா. நான் மூலையில் இருந்தேன், அவள் எதிரே பையனோடு ஏறினாள். அவளுக்கு என்னைச் சட்டென்று தெரியவில்லை. பையன் அவள் பையைப் பிடித்து இழுத்தான். பைக்குள் தண்ணி பாட்டில் இருந்தது. நீயாக இருந்தால் பாட்டிலைக் கண்ணில் படுகிற மாதிரி பிடித்துக்கொண்டு, அவன் வாயைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் பொறுத்திருப்பாய். த என்று பாதி வந்தாலும் உடனே கொடுத்திருப்பாய். அவளால் அப்படிச் செய்ய முடியவில்லை. ஆட்டோவில் எல்லாரும் பார்க்கிறார்கள். அவன் வீல் என்று கத்தினதும் வாயைக் கையால் பொத்தி, பாட்டிலைத் திணித்தாள். ஏம்மா, பையன் பேச மாட்டானா என்று ஒருத்தி கேட்டாள். பல் வலி அக்கா என்றாள் அவள். அப்புறம் தலையைத் தூக்கினாள், என்னைப் பார்த்தாள். பஜாருக்குப் போக ஏறினவள், பாதி வழியில், பைபாஸ் ஓரத்தில், நிழலே இல்லாத இடத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே நடந்தாள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். இதுதான் என் கண்ணால் கண்டது. இதற்கு என்ன பெயர் எழுதுவாய் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து யோசித்தேன். நீ சிரித்துக்கொண்டு சொன்னது வேடிக்கை இல்லை. எனக்கு ஆமென்தான் கடலை உருண்டை. நாற்பது வருஷமாக, வாயைத் திறந்தால் உடனே விழுந்துகொண்டிருந்தது. கிடைத்துக்கொண்டிருந்தது நின்றால் பழக்கம் முதலில் அதிகமாகும், அப்புறம்தான் குறையும் என்பாயே, அதுவும் நிஜம். என் வாயால் வந்த வினை தெரிந்து, சபையில் யாரும் என்னிடம் நின்று பேசுவதில்லை என்று ஆனதும், தண்ணீர்க் குழாயில் இம்மானுவேலின் பிரமோஷனை ஒரே பொம்பளையிடம் இரண்டு தடவை சொன்னேன். காலைலயே சொன்னியே ஆயா, இன்னா பேஜாரு என்று அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நேற்று முன்தினம் பாஸ்டர் மறுபடியும் சாட்சிக்குக் கூப்பிட்டார். பிரமோஷன், டிப்ளமோ, நர்சிங், தக்காளி எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. உன் அம்மா முழங்கையால் இடித்து, போங்க அத்தை, நல்ல விஷயம்தானே என்றாள். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். எழுந்திருக்கவில்லை. அதையெல்லாம் அடக்கி வைத்ததால்தான் முதல் பக்கத்தில் உன்மேல் கொட்டிவிட்டேன் போல.

அந்தப் பையன் திரும்ப வருவானா என்று உன்னிடம் கேட்க மாட்டேன். கேட்டால் நீ சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆண்டவரிடம் மட்டும் கேட்கிறேன், அதுவும் பெயர் இல்லாமல். நீ வீட்டுக்கு வா கண்ணு. களைத்து வந்தால் சோறு போடுவேன். முகம் வாடி வந்தால் பக்கத்தில் உட்காருவேன். செருப்பைக் கழற்றாமல் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாலும், ஏன் சிரிக்கிறாய் என்று கேட்க மாட்டேன்.

உன் கையின் வேலையை அவர் ஆசீர்வதிப்பாராக. என் வாயின் வேலையை அவர் உன்மேல் சுமத்தாமல் இருப்பாராக.

இப்படிக்கு,
உன் ஆயா
விக்டோரியா

பின்குறிப்பு: உன் போட்டோ ஒன்று புதிதாக எடுத்து அனுப்பு. போனில் வேண்டாம், போனில் வந்தால் கை தானாக நாலு பேரிடம் நீட்டும். ஸ்டூடியோவில் கழுவின போட்டோவாகத் தபாலில் போடு. பீரோவுக்குள் என் புடவை நடுவில் வைத்துக்கொள்கிறேன். ஒருத்தருக்கும் காட்ட மாட்டேன்.