எருக்குழியில் கிடந்த மீன்முள்

என் அன்பு மரகதம்,

நீ கண்ணை மூடிய பிறகு உன் எருக்குழியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிவந்த நாள் முதல், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குழியை நீ என்னைத் தொடவே விட்டதில்லை. இப்போது காய்கறித் தோலைச் சிறிதாக நறுக்கிப் போடுகிறேன். மேலே ரம்புத்தான் மரத்துச் சருகைப் பரப்புகிறேன். வாரம் ஒருமுறை மண்வெட்டியால் புரட்டி, ஒரு பிடி எடுத்துப் பிழிந்து ஈரம் பார்க்கிறேன். சரியாகத்தான் செய்கிறேனா?

சென்ற மாதம் எலி வந்தது. நம் மகன் குமார் பார்த்துவிட்டான்.

"போதும் லா, அப்பா. இந்தக் குப்பைய மூடி சிமெண்ட் போட்டுடலாம். கிள்ளான்ல தெரிஞ்ச ஆளு இருக்கான், ஞாயித்துக்கிழம லோரியோட வரேன்னான்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

மறுநாள் புரட்டப் போனால் சருகுக்கு மேலேயே மீன்முள் கிடக்கிறது. பக்கத்தில் செதில்கள். முட்டைகூட வாசற்படி தாண்டாத நம் வீட்டில்!

பெற்ற மகனையே சந்தேகித்தேன், மரகதம். பங்சாரில் நண்பர்களோடு மீன் சாப்பிடுகிறவன்தானே? குழியை மூடக் காரணம் வேண்டுமென்று, எலியை வரவழைக்க அவனே கொண்டுவந்து போடுகிறானோ? அவன் வேலை முடிந்து வந்ததும் பையைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே என் சந்தேகத்தைக் கூட்டியது. ஒருவேளை என் புத்திதான் கோணலோ?

சனிக்கிழமை காலை குளியலறை ஜன்னல் வழியே காவல் இருந்தேன். பின்சந்துக் கதவு திறந்தது. பாசாருக்குப் போய் வந்த கையோடு பக்கத்து வீட்டு ரோஸி உள்ளே வந்து, ஒரு பிளாஸ்டிக் பையைக் குழியில் கவிழ்த்தாள்.

"யாரது?" என்றேன். எனக்கே கேட்காத குரல், அவளுக்குக் கேட்டுவிட்டது.

"ஐயோ அண்ணே! குளிக்கிற ரூம்ல நின்னுகிட்டு பயமுறுத்துறீங்களே. நாந்தான் லா."

"அது... மீனா?"

"பின்னே? செதிலு, கொடலு, எல்லாந்தான். அண்ணி இருக்கிறப்ப வேலிக்கு மேல குடுப்பேன், அவங்க வாங்கிப் பொதச்சிடுவாங்க. இப்ப வாங்க ஆளு இல்ல, போன மாசத்துலேர்ந்து நானே போட்டுட்டுப் போறேன்."

"மரகதமா? மீனையா?"

"உங்க வீட்டுக் கத்தரி அப்படிக் காய்க்குதே, சும்மாவா காய்க்குதுன்னு நெனச்சீங்க?" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "அச்சச்சோ. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்களே அண்ணி."

எலி வந்த விதம் புரிந்தது. நீ ஆழத்தில் புதைத்தாய். ரோஸி மேலேயே கொட்டினாள்.

மற்றதுதான் புரியவில்லை. கந்த சஷ்டி விரதத்துச் சாம்பாரிலும் அந்தக் கத்தரிக்காய்தானா? "வீட்டுல காய்ச்சது, சுத்தமா இருக்கும், சாப்பிடுங்க" என்று பரிமாறினாயே, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாயா? நான் கூச்சல் போடுவேன் என்று பயந்தாயா? நான் எப்போது கூச்சல் போட்டிருக்கிறேன்? இன்னும் எதையெல்லாம் என்னிடம் சொல்லாமல் போனாய்?

அன்றே மூச்சை அடக்கிக்கொண்டு, முழங்கை ஆழத்துக்குத் தோண்டி எல்லாவற்றையும் புதைத்தேன். சாயங்காலம் குமார் வந்ததும், "சிமெண்ட் வேண்டாம்" என்றேன்.

"அப்ப எலி?"

"இனிமே வராது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" கிட்டே வந்தவன் மூக்கைச் சுளித்தான். "என்னாப்பா, கையில மீன் கவுச்சி? எங்கேயாச்சும் போயி சாப்பிட்டு வரீங்களா?"

நான் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு கிள்ளானுக்குப் போன் போட்டு, லோரி வேண்டாமென்று சொல்லிவிட்டான். இத்தனை நாள் நான் அவனைப் பார்த்த சந்தேகப் பார்வையை இப்போது அவன் என்மேல் வைத்திருக்கிறான்.

இருக்கட்டும். ரோஸி கொடுப்பதை இனி வேலிக்கு மேல் கை நீட்டி நானே வாங்கிக்கொள்வேன். ஆழமாகவே புதைப்பேன். கிழவன் ருசி கண்டுவிட்டான் என்று குமார் நினைத்தாலும் நினைக்கட்டும், உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். அவன் தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இந்தக் கடிதத்தை அதற்கு அனுப்புகிறேன்.

உன்னை இன்னும் முழுதாக நம்பாத,
உன் வீட்டுக்காரர்
சபாபதி